ஸ்கிரீன்ஷாட் படிக்கிறேன், ஷீட்டும் விற்கிறேன்

2025 ஜூன் 9

மூன்று நாளாக விடாத மழை. ரப்பர் பால் வெட்ட ஆள் வரவில்லை, வந்தாலும் வெட்ட முடியாது, வெட்டில் மழைத்தண்ணீர் இறங்காமல் மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டுகிற வேலையை இந்த வருஷம் தள்ளிப்போட்டது என் தப்பு. புகைப்புரையில் (புகை போட்டுக் காயவைக்கிற கொட்டகை) கிடக்கிற ரப்பர் ஷீட்டை விற்கலாம் என்று குலசேகரத்தில் வழக்கமாகக் கொடுக்கும் கடைக்குப் போன் செய்தேன். சொன்ன விலை எனக்குப் பிடிக்கவில்லை. மகள் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் ரப்பர் போர்டு பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதில் இன்னும் நல்ல விலை. கோட்டயத்து விலை, நூறு கிலோவுக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

போனிலேயே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். போனில் அந்த அட்டவணை எறும்பு வரிசை போல இருக்கிறது, என் கண்ணாடிக்கு ஒத்துவராது.

சரி, ஆதாரத்தோடு பேசுவோம் என்று லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்து கடைக்காரருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “சாரே, இது என்னது, வெலையா வரிக்குதிரையா?” படம் முழுக்க வளைவு வளைவாகக் கோடு. நடுவில் டியூப்லைட் வெளிச்சம், அதற்குக் கீழே பனியனோடு நான். (பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்தவனையும் சாரே என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை.)

ராத்திரி மகளிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். “ஸ்கிரீன்ஷாட் எடுங்கப்பா. கீபோர்டுல மேல் வரிசையில வலது பக்கம் பிரிண்ட் ஸ்கிரீன்னு ஒரு கீ இருக்கும், அதை எஃப்என் கீயோட சேர்த்து அமுக்குங்க.”

2025 ஜூன் 10

அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, ஒரு பெட்டிகூடத் திறக்கவில்லை. இருபது தடவையாவது அமுக்கியிருப்பேன். கீ கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பாலிடெக்னிக் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் வந்துதான் சொன்னான்: “மாமா, படம் எடுத்தாச்சு. கிளிப்போர்டுல இருக்கு.” எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன், காட்ட முடியாதாம். பெயிண்ட்டைத் திறந்து கன்ட்ரோலையும் வி-யையும் சேர்த்து அமுக்கினான், அடேயப்பா, திரை முழுக்க அப்படியே அங்கே வந்து விழுந்தது.

எனக்கு விளங்கிய விதத்தில் எழுதிவைக்கிறேன். வாளியில் பால் இருந்தால் அது ஷீட் ஆகிவிடாது. டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு, உறைய வைக்க வேண்டும். பிரிண்ட் ஸ்கிரீன் என்பது பாலை வாளியில் எடுப்பது மட்டும்தான். பெயிண்ட்டில் ஒட்டி சேவ் செய்தால்தான் ஷீட். இன்னொன்று, நான் இருபது தடவை அமுக்கியதில் இருபது படம் இல்லை, கடைசியாக எடுத்தது ஒன்றே ஒன்றுதான். புதிது வந்தால் பழையதைக் கொட்டிவிடுகிற வாளி இது. பழசும் வேண்டுமென்றால் விண்டோஸ் கீயோடு வி அமுக்கினால் வரிசையாகக் காட்டும் என்றான், ஆனால் முதலில் அந்த வசதியை ஆன் செய்துவைக்க வேண்டுமாம்.

இதெல்லாம் புரிந்து, சேவ் செய்யலாம் என்று பெயர் அடிக்கும்போது கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. படமும் போச்சு, வாளியும் போச்சு.

2025 ஜூன் 12

இன்று நல்ல வழி ஒன்று தெரிந்தது. விண்டோஸ் கீயை (இடது பக்கம் கீழே, நாலு கண்ணாடி போட்ட ஜன்னல் படம்) பிடித்துக்கொண்டு பிரிண்ட் ஸ்கிரீனை அமுக்கினால் திரை ஒரு நொடி மங்கித் தெளிகிறது, கண் சிமிட்டுகிற மாதிரி. படம் தானாகவே பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெயிண்ட் வேண்டாம், பெயர் அடிக்க வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை. என் லேப்டாப்பில் அந்த கீ வேறொரு கீயோடு கூட்டுக்குடித்தனம், அதனால் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று விரல் வேலை.

முந்தாநாள் பட்ட பாட்டில் நம்பிக்கை வராமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன் போல. ஃபோல்டரைத் திறந்தால் 1 முதல் 23 வரை எண் போட்டு இருபத்து மூன்று படம், எல்லாம் ஒரே மாதிரி. அதில் இரண்டில் மட்டும் மவுஸ் அம்பு இல்லையே என்று பார்த்தால், ஒன்றிலுமே அம்பு இல்லை. இப்படி எடுக்கும்போது அம்பு படத்தில் விழாதாம்.

எடுப்பது படம், கீயின் பெயர் மட்டும் ஏன் பிரிண்ட் என்றும் கேட்டேன், பையனுக்குத் தெரியவில்லை, மகளுக்குத் தெரிந்திருந்தது. 1981-ல் ஐபிஎம் பிசி வந்த காலத்தில் ஷிஃப்ட்டோடு அந்த கீயை அமுக்கினால் திரையில் இருக்கிற எழுத்தெல்லாம் நேரே பிரிண்டருக்குப் போய்க் காகிதத்தில் வந்துவிடுமாம். வேலை மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் நினைவுக்கு வந்தது, கீரிச் கீரிச் என்று மூன்று வகுப்புக்குக் கேட்கும்.

2025 ஜூன் 14

விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திரை மங்குகிறது, மவுஸ் அம்பு கூட்டல் குறி ஆகிறது, வேண்டிய இடத்தை மட்டும் கட்டம் போட்டு இழுத்தால் அது மட்டும் படம். இதுவும் முதலில் வாளிக்குத்தான் போகிறது, ஆனால் வாட்ஸ்அப்பை லேப்டாப்பிலேயே திறந்து வைத்திருந்தால் நேராக அங்கே ஒட்டிவிடலாம். மரச்சீனியை நடுவில் ஒடித்து வேண்டிய துண்டை எடுப்பது போல அந்த விலை வரியை மட்டும் அழகாக எடுத்து அனுப்பினேன். கோடு இல்லை, டியூப்லைட் இல்லை, நான் இல்லை.

கடைக்காரர் பதில்: “கொள்ளாம் சாரே, நல்லா தெளிவா இருக்கு. இது எந்த நாள் வெல?”

தேதியை வெட்டியெறிந்துவிட்டேன்.

2025 ஜூன் 16

ஆதாரம் என்றால் முழுத் திரைதான். கீழே வலது மூலையில் மணியும் தேதியும் சேர்ந்து வரும். காலையில் எடுத்து அனுப்பிவிட்டு, சாயையைக் குடித்துவிட்டு நேரில் போனேன். எப்படி எடுத்திருக்கிறேன் பார் என்று அதே படத்தைப் பெருமைக்கு மகளுக்கும் தட்டிவிட்டேன்.

கடைக்காரர் தேதியைப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் என் ஷீட் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பழுப்பு நிறத்துக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, உள்ளே ஈரம் காயவில்லை. “அந்த வெல ஆர்எஸ்எஸ் நாலுக்கு, கோட்டயத்துல. இது லாட் ஷீட்டு. இங்கேருந்து வண்டி வாடக வேற.” ஆர்எஸ்எஸ் நாலு என்பது புகையில் நன்றாகக் காய்ந்த ஷீட்டின் ஒரு தரம், லாட் என்பது தரம் பிரிக்காத ஷீட். அதற்கு எதிராக என்னிடம் படம் எதுவும் இல்லை. ஆனாலும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டித்தான் கொடுத்தார். அது ஸ்கிரீன்ஷாட்டுக்காகவா, இவ்வளவு பாடுபட்டிருக்கிறானே என்கிற இரக்கத்திலா, தெரியவில்லை.

பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் போனில் என் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “மோளுக்கு மாப்பிள்ள பாக்குதியளா சாரே? சொல்லவே இல்லியே.”

மேலே வரிசையாக டேப். ரப்பர் போர்டுக்குப் பக்கத்தில் இருந்தது வரன் பார்க்கிற பக்கம், தலைப்பு பளிச்சென்று தெரிகிறது. இது மகளுக்குத் தெரியாத விஷயம். நானும் அவள் அம்மாவும் சும்மா ஒரு பார்வை பார்த்துவைப்போம் என்று திறந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தது. அழிக்கலாம்தான், பார்த்த பிறகு அழித்து என்ன பிரயோசனம்.

2025 ஜூன் 18

மகளிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. அம்மாவிடம் மட்டும் பேசியிருக்கிறாள், மழை எப்படி, முழங்கால் வலி எப்படி என்று.

பையனை வைத்துக்கொண்டு இதற்கு வழி தேடினேன். ஆல்ட்டோடு பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கினால் முன்னால் இருக்கிற ஜன்னல் மட்டும் வரும், ஆனால் டேப் வரிசையும் அந்த ஜன்னலில்தானே இருக்கிறது, அதுவும் கூடவே வரும். எஃப் 11 அமுக்கினால் டேப் மறையும், கூடவே கீழே மணியும் தேதியும் மறைந்துவிடும். கடைசியில் விலைப் பக்கத்தின் டேப்பை மட்டும் மவுஸால் பிடித்து வெளியே இழுத்துத் தனி ஜன்னலாக்கினோம். இப்போது முழுத் திரையும் எடுக்கலாம், தேதியும் வரும், வரன் வராது. எடுப்பதற்கு முன்னால் திரையை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை வாசித்துவிடவும் வேண்டும். பேங்க் பக்கம் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2025 ஜூன் 19

ராத்திரி ஒன்பதரைக்கு மகளிடமிருந்து செய்தி. “கடைக்காரர் மாமா பார்த்தாச்சு, நான் பார்க்க வேண்டாமா? அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்க. முழுசா.”

என்ன பதில் போடுவது என்று தெரியாமல் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மூன்று பேர் விவரம் வைத்திருந்தோம். ஒருவனை வேண்டாம் என்று அவளே தள்ளிவிட்டாள். மிச்ச இரண்டையும் விண்டோஸ், எஃப்என், பிரிண்ட் ஸ்கிரீன். ஃபோல்டரில் 41, 42.