தானாக அணையாத தீப்பொறி

மே மாதம், காலை பத்தரை மணி. அடுத்த தெரு அம்மா போனில் அழைத்தார்கள். "தம்பி, சோலார் பேனல் கழுவ ஆள் வந்திருக்கிறது என்று மாடிப் பெட்டியில் சுவிட்சை இறக்கினேன். உள்ளே ஏதோ சீறுகிறது. கருகல் வாடை வேறு."

"பெட்டியைத் தொடாதீர்கள் அம்மா. கீழே இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள்" என்றேன். இன்வர்ட்டர்தான் பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது; அந்தச் சுவிட்ச் அதை மின்வாரியத்தோடு இணைப்பது. மின்வாரிய இணைப்பு அறுந்தால் அந்த வகை இன்வர்ட்டர் பேனலிலிருந்து மின்சாரம் இழுப்பதை நிறுத்திவிடும். ஓட்டம் நின்றால் பொறியும் நின்றாக வேண்டும். நின்றது.

போய்த் திறந்து பார்த்தேன். அம்மா இறக்கிய சுவிட்ச் ஒரு எம்சிபி, அதாவது மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானாக விழும் சுவிட்ச். அதன் ஒரு பக்கம் மெழுகுபோல் உருகி வழிந்திருந்தது. கரியைத் துடைத்தபோது அதன் முகத்தில் 230/400 வோல்ட் என்றும் பக்கத்தில் ஒரு சிறிய அலைக்கோடும் தெரிந்தன. அந்த அலைக்கோடு ஏசிக்கான, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்கான அடையாளம். பேனலிலிருந்து இறங்குவதோ டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். எட்டுப் பேனல்கள் வரிசையாக இணைந்து முந்நூறு வோல்ட்டுக்கு மேல் வருகிற இடத்தில், வீட்டு விளக்குக்குப் போடும் எம்சிபியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இருபது வருடமாக வயரிங் செய்கிறேன். தெரியாமல் செய்திருந்தாலும் இது மன்னிக்கக்கூடிய தவறு இல்லை.

எந்த சுவிட்சைப் பிரித்தாலும் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பொறி எழும். நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை திசை மாறுவதால், நொடிக்கு 100 முறை ஓட்டம் பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் பொறிக்கு உயிர் போய்விடும். முனைகள் அதற்குள் விலகியிருப்பதால் மறுபடி பிடிக்காது. டிசியில் அப்படி ஒரு கணமே இல்லை. ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், பொறியும் வெல்டிங் பட்டறையில் எரிவதைப்போல நின்று எரியும்.

என் மேசையில் ஒரு நீல நிற ரிலே கிடக்கிறது, மின்காந்தத்தால் இயங்கும் குட்டி சுவிட்ச், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. 10 ஆம்பியருக்கு 250 வோல்ட் ஏசி, அதே 10 ஆம்பியருக்கு 30 வோல்ட் டிசி என்று அதன் முதுகில் அச்சடித்திருக்கிறார்கள். முனைகள் அதேதான், இடைவெளியும் அதேதான். வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் இதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

பேனலில் இன்னொரு சங்கடம் உண்டு. ஷார்ட் ஆனாலும் அதன் ஓட்டம் வழக்கத்தைவிடச் சிறிதளவே கூடும். எம்சிபி தானாக விழும் என்று நம்பி இருக்க முடியாது. வெயில் இருக்கும்வரை மின்னழுத்தமும் போகாது.

மாலை வெயில் இறங்கியபின் டிசிக்கான எம்சிபியை மாட்டினேன். உள்ளே ஒரு காந்தம் பொறியைத் தள்ளித் தகடுகளுக்குள் செலுத்தி, துண்டுதுண்டாக்கிக் குளிரவைக்கும். சில வகைகளில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். அதை மாற்றி இணைத்தால் காந்தம் பொறியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அதனால் இரண்டு முறை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே திருகை இறுக்கினேன்.

பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினேன்: 'முதலில் கீழே இன்வர்ட்டர், பிறகுதான் இது.' அம்மா படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போடாமலும் தெரியும்படி இன்னும் பெரிதாக எழுதச் சொன்னார்கள். அழித்துவிட்டு மூடி முழுக்க எழுதிவிட்டு வந்தேன்.