சித்தப்பா கடை லேப்டாப்

போன சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேப்டாப்பின் டிஸ்க்கை மாற்றும் வேலையைத் தொடங்கினோம். சங்கரன்கோவிலில் சித்தப்பா வைத்திருப்பது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாமே 2015-இல் வாங்கிய ஒரே லேப்டாப்பில்தான் தயாராகின்றன. கொஞ்ச நாளாக அதை ஆன் செய்து கோரல் டிரா திறப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். "ஒரு எஸ்எஸ்டி போட்டுக் குடுல" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய டிஸ்க் மாதிரி உள்ளே சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க் அது.

புதிதாக விண்டோஸ் போட்டுக் கோப்புகளை மட்டும் எடுத்து வைக்கலாமே என்று நண்பன் சொன்னான். வேறு யார் லேப்டாப்பாக இருந்தாலும் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இங்கே அது சரிப்படாது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளின் சிடி எங்கே போனதென்றே தெரியவில்லை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் எங்கெங்கிருந்தோ வாங்கிச் சேர்த்தவை. அவற்றில் அடித்த பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய விரல்களுக்கு ஏற்ற கீபோர்டு, பிரிண்டருக்கான நிற அளவுகள் என்று பத்து வருடப் பழக்கம் மொத்தமும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. அப்படியே பிரதி எடுப்பது ஒன்றுதான் வழி.

முதலில், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பார்த்தேன். எச்சரிக்கும் மஞ்சள் நிறம். கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற வரியில் 8. டிஸ்க்கால் படிக்க முடியாமல் போய், மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று அது குறித்துவைத்திருக்கும் செக்டார்களின், அதாவது சின்னச் சின்ன இடங்களின், கணக்கு அது. வயிற்றைக் கலக்கிவிட்டது. டிஸ்க் மெதுவாக ஓடியதற்கு வயது மட்டும் காரணமில்லை.

இந்த நிலையில் பலர், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பிழை திருத்தியான "செக்டிஸ்க் ஓட்டிப் பார்" என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நோய்ப்பட்ட டிஸ்க்கை முழுக்க உருட்டி, அதன்மேலேயே திருத்தி எழுதவும் செய்யும் அது. பிரதி எடுத்த பிறகு புது டிஸ்க்கில் ஓட்டிக்கொள்ளலாம். நான் வாடிக்கையாளர் வேலைகள் இருந்த 40 ஜிபி ஃபோல்டரை முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு கோப்பில், 2016-ஆம் வருடத்துக் கொடை நோட்டீஸில், அப்படியே நின்றது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

பழைய டிஸ்க் 1 டிபி. எஸ்எஸ்டியும் 1 டிபிதான் வாங்கியிருந்தேன். உள்ளே இருந்தது 210 ஜிபி என்றாலும், சின்ன டிஸ்க் என்றால் பழையதில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, சுருக்க வேண்டும். சுருக்கும்போது கோப்புகள் இடம் மாறும். உடம்பு சரியில்லாத டிஸ்க்கில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இரண்டிலும் சரியாக 1,953,525,168 செக்டார்கள். 960 ஜிபி என்று போட்டு விற்பதை வாங்கியிருந்தால் இடம் போதாமல் போயிருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, எஸ்எஸ்டியை யுஎஸ்பி 3 கேபிளில் மாட்டினேன். சாதாரண குளோனிங் மென்பொருள் பலதும் படிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடும். பழுதான டிஸ்க்குக்கென்றே இருக்கும் டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் மென்பொருள் அப்படியில்லை. நல்ல இடங்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டதைக் கடைசியில் திரும்ப வந்து முயலும். எதுவரை எடுத்தது என்பதை மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அந்த ஃபைலை வேறொரு பென்டிரைவில் வையுங்கள். லினக்ஸ் ஓடுவது ரேமில். நடுவில் அணைந்தால் அதில் வைத்ததெல்லாம் போய்விடும்.

கட்டளையில் முதலில் மூலம், அடுத்து இலக்கு. இரண்டு டிஸ்க்குமே 931.5 ஜி என்றுதான் திரையில் தெரிந்தன. மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க்கின் பூஜ்ஜியங்கள் பத்து வருட உழைப்பின் மேல் விழும். மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் வரவழைத்து, எஸ்எஸ்டி பெட்டியிலிருந்த ஸ்டிக்கரைச் சித்தப்பா ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் திரையில் ஒத்துப்பார்த்தேன். இரண்டு தடவை. அப்புறம்தான் என்டர்.

ஆரம்பத்தில் நொடிக்கு 105 எம்பி ஓடியது, முடியும்போது 50. பயப்பட வேண்டாம், தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் போகப்போக வேகம் அப்படித்தான் குறையும். மூன்றரை மணி நேரம். சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ வந்துருக்குல?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்.

மூன்று முறை மீண்டும் முயன்றும் 4096 பைட், அதாவது எட்டுச் செக்டார், மட்டும் வரவில்லை. அந்தச் செக்டார் எண்ணிலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் எண்ணைக் கழித்து, என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் கட்டளையிடம் கொடுத்தால் அது எந்தக் கோப்பின் இடம் என்று சொல்லிவிடும். அதே கொடை நோட்டீஸ். வேறு எதுவும் போகவில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லேப்டாப்பைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றினேன். 25 நொடியில் விண்டோஸ் வந்தது. அதன்பின் செக்டிஸ்க் ஓட்டினேன். பழைய டிஸ்க்கைத் தேதி எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் ஒரே கணினியில் சேர்த்து மாட்டக் கூடாது என்பதையும் அதன்மேல் எழுதி ஒட்டினேன்.

திறக்க மறுத்த அந்த நோட்டீஸை என்ன செய்வதென்று காலையில் கேட்டேன். சித்தப்பா அலமாரியிலிருந்து 2016 என்று எழுதிய காகிதக் கட்டை எடுத்து, மஞ்சள் தாளில் அச்சடித்த பிரதியை உருவி மானிட்டர் ஓரத்தில் சாய்த்து வைத்தார். பாமினியைத் தேர்ந்தெடுத்து முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.