மெர்குரி பிபி செட்ட ஆஸ்பத்திரிய விட்டு வெளிய அனுப்புன அனுபவம்

எங்க ஆஸ்பத்திரில இனிமே மெர்குரியே (பாதரசம்) இருக்கக் கூடாதுன்னு மேனேஜ்மென்ட் முடிவு பண்ணி, நர்சிங் இன்சார்ஜ்னு என் தலையில கட்டிட்டாங்க. புதுசு வாங்குறதுதான் பெரிய வேலைன்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க, அது ஒண்ணுமே இல்ல, கொட்டேஷன் வாங்கி ஆர்டர் போட்டா வந்துரும். பழச வெளிய அனுப்புறதுதான் படாத பாடு.

முதல்ல கணக்கெடுங்க, ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டர நம்பாதீங்க. லேபர் வார்டு பீரோவுக்கு அடியில, டிரெஸ்ஸிங் ரூம் பரண்ல, பழைய ஆம்புலன்ஸ் சீட்டுக்குக் கீழன்னு இனி உதவாதுன்னு ஒதுக்கிப் போட்ட பிபி செட்டா வந்துகிட்டே இருந்துச்சு. சிலதுல டியூப் உடைஞ்சு பாதரசம் பெட்டி இடுக்குல உருண்டுகிட்டு கிடக்கு. தெர்மாமீட்டர்ல ஒரு கிராம் வாக்குலதான் இருக்கும், பிபி செட்ல நூறு கிராம் வரைக்கும் இருக்கும்ங்க, அதனால ஒரு பீரோவ தெறந்தாலே பயமா இருந்துச்சு.

அடுத்தது டாக்டர்கள். சீனியர் பிசிசியன் ஒருத்தர், "இத்தன வருஷமா இதுல பாத்தாச்சு, பேட்டரி பொம்மைய நம்பி மாத்திரை எழுதச் சொல்றியாம்மா?"ன்னுட்டார். அவர் சொன்னதும் சும்மா இல்ல, நாடி ஒழுங்கில்லாம துடிக்கிற பேஷண்டுக்கு டிஜிட்டல் தப்பா காட்டும். அதனால ஓபிக்கும் ஐசியூவுக்கும் டயல் வச்ச அனிராய்டு, வார்டுக்கு மட்டும் டிஜிட்டல்னு பிரிச்சோம். மெஷின்கள பாத்துக்குற எங்க பயோமெடிக்கல் தம்பி கஃப்ப (கையில சுத்துற பட்டை) ஒரு பாட்டில்ல சுத்தி, ரெண்டா பிரியுற ஒய் கனெக்டர் போட்டு ஒரு பக்கம் பழைய மெர்குரி, இன்னொரு பக்கம் புது டயல்னு மாட்டி, 200, 150, 100, 50ன்னு எறக்கிக் காட்டுனான். 3 பாயிண்டுக்கு மேல வித்தியாசம் காட்டுன பீஸ் எல்லாம் சப்ளையருக்கே ரிட்டர்ன். வால்வ டாக்டரே திருகிப் பாத்தார், அப்புறம் பேச்சே இல்ல. ஆனா அனிராய்டு கீழ விழுந்தா அளவு மாறிடும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா செக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டியே ஆகணும்.

பாதரசத்தக் கட்டுப்படுத்துற உலக நாடுகளோட மினமாட்டா ஒப்பந்தத்துல இந்தச் சாமானெல்லாம் தயாரிக்கிறத நிறுத்த 2020ன்னு கெடு, அவகாசம் கேட்ட நாட்டுக்கு 2025. இந்தியா 2018லயே சேந்தாச்சு. "இனிமே உடைஞ்ச டியூபுக்கு ஸ்பேர் எங்க சார் தேடுவீங்க?"ன்னு கேட்டதுதான் பல பேர்கிட்ட எடுபட்டுச்சு.

இப்ப வெளிய அனுப்புற கதை. பயோமெடிக்கல் வேஸ்ட் வண்டிக்காரர் தொடவே மாட்டேன்னுட்டார், அது சரிதான், மஞ்சள் பைல போட்டா இன்சினரேட்டர்ல எரிஞ்சு ஆவியா சிம்னி வழியா ஊருக்குள்ளதான் வரும். பழைய இரும்புக்கடைக்காரரோ நல்ல வெல தர்றேன்னு ரெண்டு தடவ வந்து நின்னார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் பேக்டரியோட உடைஞ்ச கண்ணாடி இப்படித்தான் ஒரு பழைய சாமான் குடோன்ல கிடந்து, 2001ல பேக்டரியே மூடுற நிலைமை வந்துச்சு. கண்டிப்பா முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

கடைசில பொல்யூஷன் போர்டு அனுமதி இருக்குற அபாயக் கழிவு கம்பெனிகிட்ட பேசி, ஃபார்ம் அது இதுன்னு அலைஞ்சு முடிச்சோம். அது வரைக்கும் பூட்டி வைக்கணும், அதுவும் 90 நாளுக்கு மேல வைக்கக் கூடாது. சிந்துன பாதரசம் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பாட்டில்ல, மேல தண்ணி ஊத்தி, கீழ ட்ரே வச்சு, காத்தோட்டமான ரூம்ல.

சிந்துனா என்ன பண்றதுன்னு ஆயாம்மாங்களுக்கும் சேத்து சொல்லிக் குடுத்தோம். ஃபேன், ஏசி ஆஃப், ஜன்னல் தெற, மோதிரம் வளையல கழட்டு (தங்கத்துல ஒட்டிக்கும்), வெளக்கமாறு தொடாத, அது பொடிப்பொடியா செதறடிச்சிரும். டார்ச்ச தரையோட தரையா சாச்சுப் பிடிச்சா மறைஞ்சு கெடக்குற மணியெல்லாம் பளிச்சுனு தெரியும், அட்டையால ஒதுக்கி ஊசி இல்லாத சிரிஞ்சுல உறிஞ்சணும், மிச்சத்துக்கு நாட்டு மருந்துக் கடை கந்தகப் பொடி. சிங்க்ல மட்டும் கழுவி விட்றாதீங்க.

வண்டி கேட்ட தாண்டுறதுக்கு முன்னாடி மேனிஃபெஸ்ட் (கழிவ ஒப்படைச்சதுக்கான சீட்டு) காப்பிய கையெழுத்தோட வாங்கி ஃபைல்ல போட்டுருங்க, அடுத்த இன்ஸ்பெக்ஷன்ல அததான் கேப்பாங்க. பாதரசம் இருக்குற டென்டல் அமால்கமும் (பல் அடைக்கிற கலவை) பழைய ட்யூப்லைட்டும் இன்னும் பாக்கி இருக்கு.