கபிலேய்ராவில் என் தண்ணீர் முறை

இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்டது ஸ்பானிஷ் அல்ல, நேரம். மதியம் இரண்டு மணிக்கு மளிகைக்கடை கதவைச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஏழு மணிக்குப் பசிக்கிறது என்று சொன்னால் காய்ச்சலா என்று கேட்பார்கள். எரிவாயு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது வீட்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீர் கிடையாது. 12.5 கிலோ ஆரஞ்சு நிற சிலிண்டர் அது. அதன் உச்ச விலையை அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறது. பாரில் நடக்கும் புலம்பலும் அதே தவணையில் புதுப்பிக்கப்படுகிறது.

தெற்கு ஸ்பெயினின் கிரனாடா நகரிலிருந்து தெற்கே, சியேரா நெவாடா மலையின் வெயில் விழும் சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். பொக்கேய்ரா பள்ளத்தாக்கில் மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன: கீழே பம்பனேய்ரா, நடுவில் பூபியோன், உச்சியில் 1,436 மீட்டரில் கபிலேய்ரா. சுமார் ஐந்நூறு பேர் வசிக்கிறார்கள். 2023இல் ஸ்பெயின் தொடங்கிய விசா ஒன்று, வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கானது. அதில்தான் வந்தேன். விசாவைவிடப் பெரிய விஷயம் ‘பத்ரோன்’, அதாவது ஊராட்சி அலுவலகத்தின் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் ஏறுவது. மருத்துவ மையம், நூலகம், அடையாள அட்டை என்று எதைத் தொட்டாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டியதும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை ரொட்டிக்கடை அம்மாவுக்கு என் பெயர் தெரிந்திருந்தது. நான் அவரிடம் சொல்லவே இல்லை.

வீடு கல் வீடு, சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். செஸ்ட்நட் மர உத்தரம், அதன்மேல் கல் பலகை, அதற்கும் மேலே லௌனா என்ற சாம்பல் நிறக் களிமண். மலையில் கிடைக்கும் இந்த மண் மழை பட்டால் இறுகி நீரை உள்ளே விடாது. அதனால் இங்கே ஓட்டுக்கூரை அரிது, எல்லாம் தட்டை மாடிதான். என் படுக்கையறை தெருவின்மேல் பாலம்போல நீண்டு எதிர் வீட்டைத் தொடுகிறது, அடியில் ஆட்கள் நடந்து போகிறார்கள். இதைத் தினாவோ என்கிறார்கள். காலை ஏழு மணிக்கு என் தலைமாட்டுக்குக் கீழே இரண்டு கிழவர்கள் உருளைக்கிழங்கு விலையை அலசுவது இதனால்தான்.

சைவம் என்பதைப் புரியவைக்கப் பல நாள் ஆனது. இறைச்சி வேண்டாம் என்றால் ஹாமோன் துண்டுகளைத் தூவித் தருவார்கள். உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது. கிரனாடா மாகாணத்தில் பாரில் பீரோ ஒயினோ குளிர்பானமோ கேட்டால் பெரும்பாலும் ஒரு சிறு தட்டுத் தீனி இலவசமாக வரும். இப்போது என் தட்டில் கேட்காமலே ஆலிவும் வறுத்த குடைமிளகாயும் வருகின்றன.

ஆனால் உண்மையான விருந்து மழை நாளில்தான். வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, “மழை பெய்யுது மகளே, மீகாஸ் கிண்டாம வேற என்ன பண்றது?” என்று கூப்பிட்டார். அகன்ற இரும்புச் சட்டியில் ஆலிவ் எண்ணெய், தோலோடு பூண்டு, தண்ணீர், உப்பு, பிறகு ரவை. கை ஓயாமல் கிளறி உதிரி உதிரியாக எடுத்தார். சந்தேகமே வேண்டாம், அது ரவை உப்புமாதான். தொட்டுக்கொள்ள மாதுளை, திராட்சை, வறுத்த மிளகாய். அவர்களுக்கு மட்டும் மத்தி மீன். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் என்ன என்று கேட்டேன். இரண்டையும் விளக்குவதற்குள் சட்டி காலி.

அந்த அம்மாவின் தோட்டத்தில்தான் ஊரின் மெய்யான கடிகாரத்தைப் பார்த்தேன். அஸேகியா என்ற வாய்க்கால்கள் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டப்பட்டவை. 1568இல் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், இங்கே கலகம் செய்தார்கள். 1571க்குள் ஸ்பெயின் அரசு அதை அடக்கி, அவர்களை நாட்டின் பிற பகுதிகளுக்கு விரட்டி, வடக்கிலிருந்து புதுக் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தியது. குடிகள் மாறினாலும் வாய்க்கால் மாறவில்லை. வசந்தத்தில் பனி உருகும்போது மேட்டுச் சரிவுகளில் நீரைப் பரப்பி மண்ணுக்குள் இறங்க விடுவார்கள். அந்த நீர் வாரங்கள், மாதங்கள் கழித்துக் கீழே ஊற்றாகக் கோடையில் வெளிவரும். அணை இல்லை, மோட்டார் இல்லை, மலையே தொட்டி. பராமரிக்க ஆளில்லாமல் பல வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன. பக்கத்துக் கன்யார் ஊரில் அப்படிக் கைவிடப்பட்ட ஒன்றை 2014இல் கிரனாடா பல்கலைக்கழகத்தினரும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீட்டார்கள்.

பாசனதாரர் சங்கம்தான் முறை வைக்கிறது. இன்ன தோட்டத்துக்கு இன்ன கிழமை, இன்ன மணி முதல் இன்ன மணி வரை. மடையைத் திறந்து மூட ஒரு நீர்கட்டி. வசந்தத்தில் வாய்க்கால் தூர்வாரப் போனபோது நானும் மண்வெட்டியோடு போனேன். வந்தவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், மற்ற பாதியில் வெளிநாட்டுக்காரர்களே அதிகம். இளைஞர்கள் கிரனாடாவில் வேலைக்குப் போய்விட்டார்கள். வார இறுதியில் வந்து கருப்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் என் கிராமத்தில் அதையேதான் செய்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு முட்டி வலி. கீழ்ப்பாத்தி இரண்டை எனக்கு விட்டுக்கொடுத்து, அவர் முறையில் பாதியையும் கொடுத்தார். பின்னிரவு மூன்று மணி முதல் மூன்றேகால் வரை. பகல் முறையெல்லாம் பரம்பரைக்காரர்களுக்கு. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு போகிறேன், மடையிலிருக்கும் கல்லையும் பழைய துணியையும் எடுத்துவிட்டால் தண்ணீர் பாய்ந்து வரும். பீன்ஸ் கொடி ஏறியிருக்கிறது. வெண்டை விதை ஊன்றினேன், முளைக்கவில்லை; மண் இன்னும் சூடேறவில்லை, ஜூன் வரை பொறு என்கிறார் நீர்கட்டி.