தேரையைக் கொத்திய காகம்

கொழும்பில் தவளைக்குப் பகை பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. 2018 ஆம் ஆண்டு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரங்களின் முதற் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரில், தியவன்னா ஓயாவின் கரையிலோ பெத்தகான சதுப்பிலோ சற்று நேரம் நின்றால், தவளையைத் தின்னாத பெரிய பறவை எது என்று தேடத்தான் வேண்டும். கொக்கு தின்னும், மீன்கொத்தி தின்னும், செண்பகம் தின்னும், வளவுக்குள் வந்துவிட்டால் காகம் இருக்கிறது. கடிக்கும் பல்லும் கீறும் நகமும் இல்லாமல், ஈரத்தோல் ஒன்றையே போர்த்திக்கொண்டிருக்கும் இப்பிராணி பறவையின் கண்ணை ஏமாற்றுகிறது. அது முடியாதபோது அதன் நாவையும் நினைவையும் நம்பியிருக்கிறது.

கண்ணை ஏமாற்றுவதற்கு முதல் வழி பகலில் வெளிவராமல் இருப்பதாகும். முதுகில் உடுக்கை போன்ற அடையாளம் கொண்ட நம் மரத்தவளை, குளியலறைச் சுவரில் கால்களை உடலோடு ஒடுக்கி, நிறத்தையும் சிறிது மாற்றிக்கொண்டு, பொழுது சாயும் வரை அசையாது ஒட்டியிருக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி என்றாலும், அது வாய் திறப்பது பெரும்பாலும் மழை இரவில், காகமும் கொக்கும் உறங்கிய பின்னர் என்பதால், அதை முழு முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆந்தையும் இராக்கொக்கும் விழித்திருக்கும் என்பது வேறு விடயம்.

தேரையின் வழி வேறு. அதற்குப் பாய்ச்சலும் குறைவு, அவசரமும் குறைவு. கண்களுக்குப் பின்னால் தடித்துப் புடைத்திருக்கும் இரு சுரப்பிகளில் வெண்ணிறப் பால் போன்ற நஞ்சு இருக்கிறது. வேலியோரத்து மஞ்சள் அலரியின் நஞ்சைப் போலவே இதுவும் இதயத் தசைக் கலங்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்மாற்றும் பொறிமுறையை முடக்கித் துடிப்பைக் குலைக்கிறது. ஆனால் தேரை அதைப் பீய்ச்சியடிப்பதில்லை. சுரப்பி அழுத்தப்பட்டால்தான் நஞ்சு வெளிவரும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், மழை விட்ட ஒரு காலையில், காகமொன்று தேரையை நெருங்கியதைக் கண்டேன். தேரை ஓடவில்லை. காற்றை உள்ளிழுத்து உடலை ஊதிப் பெருக்கி, நான்கு கால்களிலும் எழும்பி, தலையைத் தாழ்த்திச் சுரப்பிகள் காகத்தை நோக்குமாறு நின்றது. காகம் ஒருமுறை கொத்தியது. பிறகு அலகை மதில் விளிம்பில் இருபுறமும் மாறி மாறித் தேய்த்துவிட்டுப் பறந்து போயிற்று.

அந்தக் காகம் சாகாமல் போனதே தேரைக்கு ஆதாயம் என்பேன். செத்த பறவை எதையும் கற்பதில்லை. கசப்பை நினைவில் வைத்திருக்கும் பறவையோ அடுத்த தேரையையும் விட்டுவைக்கக்கூடும். பறவைகள் நிறங்களை நம்மைவிட நுணுக்கமாகப் பிரித்தறிவதால், மத்திய, தென் அமெரிக்காவின் நச்சுத் தவளைகள் இந்தப் பாடத்தைச் சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் முதுகிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அவற்றின் நஞ்சு எறும்பு, சிற்றுண்ணி போன்ற இரையிலிருந்து சேர்வதாகையால், அந்த இரை கிடைக்காமல் கூண்டில் வளர்ந்தவை நிறத்தை மட்டுமே கொண்டிருக்கும். ஐரோப்பாவின் நெருப்பு வயிற்றுத் தேரை மங்கிய முதுகோடு திரிந்து, ஆபத்து நெருங்கும்போது மட்டும் உடலை வில்லாக வளைத்து அடிப்புறத்து நிறத்தைக் காட்டுகிறது. நம் தேரைக்கு அத்தகைய அறிவிப்புப் பலகை இல்லாததால், அனுபவமில்லாத காகம் கொத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் காகம் வேறு பாடத்தையும் கற்கும். 1935 இல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரையை, அங்குள்ள காகங்கள் காலைப் பிடித்து மல்லாக்கப் புரட்டி, நஞ்சு குறைந்த வயிற்றுப்புறமாகத் திறந்து, உள்ளுறுப்புகளை மட்டும் தின்னப் பழகிவிட்டன. 2005 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு குளக்கரையில் தேரைகள் ஊதிப் பெருத்து வெடித்துச் செத்தபோது, அவற்றைப் பரிசோதித்த மிருக வைத்தியர் கூறிய விளக்கமும் காகத்தையே சுட்டியது. அலகளவேயான துளையினூடாக ஈரல் பிடுங்கப்பட்டிருந்தது. தேரைகளோ வழக்கம்போலத் தற்காப்புக்காக உடலை ஊதியிருக்கின்றன. உள்ளே தாங்குவதற்கு விலா எலும்பும் உதரவிதானமும் இல்லாத அவ்வுடலில், நுரையீரல் அந்த வெற்றிடத்திற்குள் விரிந்து வெடித்திருக்கிறது.