வாள்பல் பூனையின் தாடை: பிளைவுட்டில் செய்து பார்த்தது

அழிந்துபோன வாள்பல் பூனையான ஸ்மைலோடானின் மரத் தாடை ஒருவழியாகத் திறந்து மூடத் தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க்குழிகளில் கிடைத்த மண்டையோடுகளின் பக்கவாட்டுப் படங்களைப் பார்த்து, 18 மி.மீ. பிளைவுட்டில் வரைந்துகொண்டேன். கீலுக்கு போல்ட்டும் வாஷரும் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியவை. தசைக்குப் பழைய சைக்கிள் டியூப் கீற்றுகள். கோரைப்பல்லை மட்டும் ஏற்காட்டிலிருந்து வந்த சில்வர் ஓக் துண்டில் செதுக்கினேன். பலகையை அறுத்துக் கொடுத்த ஆசாரி, "ஏனுங்க, இது முதலைங்களா?" என்றார். வாயைத் திறந்து வைத்தால் அப்படித்தான் தெரிகிறது.

நான் பார்க்க நினைத்தது கீழ்த்தாடையின் பின்பகுதியை. அங்கே மேலே எழும் எலும்பு முனையில்தான் வாயை மூடும் நெற்றிப்பொட்டுத் தசை வந்து பற்றும். சிங்கத்துக்கு அந்த முனை உயரம், ஸ்மைலோடானுக்குக் குட்டை. அதனால் கீலிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு துளை, 4 செ.மீ. தள்ளி இன்னொரு துளை போட்டு டியூபை மாற்றி மாற்றி மாட்டினேன். (இவை என் வசதிக்கான அளவுகள், விலங்கின் அளவுகள் அல்ல.)

சிங்கம் சுமார் 65 பாகை வாய் திறக்கும். அதற்கு 8 செ.மீ. துளை நேர்க்கோட்டில் 8.6 செ.மீ. நகர்கிறது. ஸ்மைலோடானுக்குச் சொல்லப்படும் 120 பாகைக்கு அதே துளை 13.9 செ.மீ. நகர வேண்டும், டியூப் அறுந்துவிடும் போல இழுபட்டது. 4 செ.மீ. துளைக்கு மாற்றினால் 120 பாகைக்கும் 6.9 செ.மீ.தான்! சிங்கத்தைவிடக் குறைவாக நீளும் தசையை வைத்து ஏறக்குறைய இரு மடங்கு திறப்பு. வேலையை விட்டுவிட்டு இதையே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சும்மா கிடைக்குமா? பல் கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. தசை செங்குத்தாக 10 கிலோ இழுத்தால் 8 செ.மீ. துளையில் பல்லுக்கு 4 கிலோ வந்து சேரும், 4 செ.மீ. துளையில் 2 கிலோதான். 2007-ல் ஆய்வாளர் காலின் மெக்ஹென்றி குழுவினர் கணினி மாதிரியில் பார்த்தபோதும், அதே அளவுள்ள சிங்கத்தின் கடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்மைலோடான் ஃபடாலிஸ் என்ற இனத்துக்கு வந்தது.

அப்புறம்தான் கழுத்து. மாம்பழத்தில் குத்திப் பார்க்கலாம் என்றான் அக்கா மகன். சேலத்துக்காரன் மனசு கேட்குமா? வாழைத்தண்டை எடுத்தோம். தாடை டியூபை மட்டும் நம்பினால் பல் மேல்பட்டையைத் தாண்டவில்லை. காதுக்குப் பின்னே, மண்டையின் அடிப்பக்கத்திலிருந்து ஸ்டாண்டுக்குக் கழுத்துத் தசையாக ஒரு தடித்த டியூபை மாட்டி, கீழ்த்தாடையைத் தண்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைக் கீழே இழுக்கவிட்டதும் 'சரக்'கென்று இறங்கியது. தொல்லுயிர் ஆய்வாளர் வில்லியம் ஏகர்ஸ்டன் 1985-ல் முன்வைத்த கருத்து கிட்டத்தட்ட இதுதான். ஸ்மைலோடானின் மண்டையிலும் அந்த இடத்து எலும்பு பெரிதாகவே இருக்கிறது.

இறங்கிய பிறகு தண்டை வேண்டுமென்றே பக்கவாட்டில் திருகினோம். பல் முறிந்தது. அது தட்டையான பல்; முன்பின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குப் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. இரையைத் திமிறவிடாமல் அமுக்கத் தடித்த முன்னங்கால்கள் எதற்கு என்று அப்போது நன்றாகப் புரிந்தது. என்னைக் கேட்டால், பலரும் வியக்கும் பல்லைவிட அந்தக் கால்கள்தான் முக்கியம்.

அடுத்தது தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த இன்னொரு வாள்பல் விலங்கு, தைலகோஸ்மைலஸ். பூனையே அல்ல, கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளின் உறவு. அதன் பல்வேர் கண்ணுக்கு மேலே வரை வளைந்து போகும். ஒற்றைப் பலகை போதாது, இரண்டை ஒட்டித்தான் அறுக்க வேண்டும்.