பிரெஞ்சு உரையாடலில் இரண்டாவது கேள்வி

பிரெஞ்சு வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் பதில்களைத்தான் தயார் செய்கிறார்கள். குடும்பம், வேலை, பொழுதுபோக்கு, போன விடுமுறை என்று எதைக் கேட்டாலும் இரண்டு நிமிடம் தடையின்றிப் பேசக்கூடியவர்கள்கூட, எதிரில் இருப்பவர் ஒரு செய்தியைச் சொல்லி நிறுத்தியதும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் புன்னகையோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் கேள்வி எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அதற்குக் கிடைத்த பதிலிலிருந்து பிறக்க வேண்டிய இரண்டாவது கேள்விதான் வருவதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு கற்று, டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் பி1 (இடைநிலை) தேர்வையும், பின்னர் கனடாவில் குடியேற விரும்புவோர் எழுதும் டி.சி.எஃப். கனடா தேர்வையும் எழுதி, இப்போது லியோன் நகரில் பிரெஞ்சுக்காரர்கள் நடுவே வேலை செய்கிறவன் என்ற அளவில், இந்த இரண்டாவது கேள்வியை எப்படிப் பயில்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தேர்வு நடத்துகிறவர்கள் இதை ஒரு தனித் திறனாகவே பார்க்கிறார்கள். ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட பொது ஐரோப்பிய மொழிச் சட்டகம், பி1க்கு ஒரு படி கீழே உள்ள ஏ2 நிலையில் இருப்பவர் சிறு உரையாடல்களில் கலந்துகொள்ள முடிந்தாலும், அவற்றைத் தாமாகவே நடத்திச் செல்லும் அளவுக்கு அவருக்குப் புரிவது அரிது என்கிறது. பி1 நிலைக்கு வந்தவரோ, மற்றவர் சொன்னதில் ஒரு பகுதியைத் திருப்பிச் சொல்லித் தாம் புரிந்துகொண்டதை உறுதி செய்யவும், சற்று முன் சொன்னதை விளக்கும்படியோ விரிவாகச் சொல்லும்படியோ கேட்கவும் வல்லவராக இருக்க வேண்டும். ஆகவே ஏ2வுக்கும் பி1க்கும் இடையே உள்ள தூரத்தை வினைச்சொல் திரிபுகளை வைத்து மட்டும் அளப்பது, என் கருத்தில், பாதி அளவீடுதான்.

தொடக்க நிலையான டெல்ஃப் ஏ1 தேர்விலேயே, அட்டைகளில் எழுதியிருக்கும் சொற்களைக் கொண்டு தேர்வாளரிடம் நாம் கேள்வி கேட்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. டெல்ஃப் பி1 தேர்வில் தேர்வாளரோடு ஒரு சூழ்நிலையை நடித்துப் பேசும் பகுதி மூன்று நான்கு நிமிடங்கள் நடக்கும். அதற்குத் தயாரிப்பு நேரம் கிடையாது. டி.சி.எஃப். கனடாவில் தேர்வாளரிடம் கேள்வி கேட்டு விவரம் பெற வேண்டிய இரண்டாவது பணிக்கு, தயாரிப்புக்கான 2 நிமிடங்களையும் சேர்த்து ஐந்தரை நிமிடங்கள். கனடாவுக்காக எழுதப்படும் மற்றொரு தேர்வான டெஃப் கனடாவின் முதல் பகுதியில், ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் விவரம் கேட்பதுபோல் 5 நிமிடங்கள் பேச வேண்டும்.

இந்த வகைப் பகுதிகளுக்காகப் பலரும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, எங்கே நடக்கிறது, எப்படிப் பதிவு செய்வது. பட்டியல் தவறு என்று சொல்ல மாட்டேன். அது கையில் இருப்பது தெம்புதான். ஆனால் தேர்வாளர், “மட்பாண்டப் பயிற்சி சனிக்கிழமை காலையில் நடக்கிறது, ஒரு வகுப்புக்கு இருபது யூரோ” என்று ஒரே மூச்சில் சொன்ன பிறகு, பட்டியலில் அடுத்து இருக்கிறது என்பதற்காக “எந்த நாளில் நடக்கிறது?” என்று கேட்கிறவர், தாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதைத் தாமே அறிவித்துவிடுகிறார். அந்த இடத்தில் வர வேண்டியது இப்படி ஒன்று: “ஸெல்மான் ல ஸம்தி? ஸேத் ஆன்பெத்தான், ஜ த்ரவாய் ல ஸம்தி. இல் ந்யா ரியான் ல ஸ்வார், ஆன் ஸ்மேன்?” சனிக்கிழமை மட்டுந்தானா, அது சிரமமாயிற்றே, எனக்கு அன்று வேலை, வாரநாளில் மாலை நேரத்தில் எதுவும் இல்லையா என்பது பொருள்.

இதில் மூன்று அசைவுகள் இருக்கின்றன. பதிலிலிருந்து ஒரு சொல் திருப்பிச் சொல்லப்படுகிறது. அதைப் பற்றி நம்முடைய நிலை ஓரிரு சொற்களில் வருகிறது. அதிலிருந்து கேள்வி எழுகிறது. இந்த வரிசை பழகிவிட்டால், கேள்வியை யோசிக்க ஒரு விநாடி கூடுதலாகக் கிடைக்கிறது என்பது ஒரு நன்மை. முதல் சொல்லைத் திருப்பிச் சொல்லும்போதே நாம் சரியாகக் காதில் வாங்கினோமா என்பதும் தெரிந்துவிடுகிறது. நடுவில் உள்ள நம் நிலையைச் சொல்லும் பகுதியைத் தமிழர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் உரையாடல் காவல் நிலைய விசாரணைபோல் ஆகிவிடும்.

கேள்வியின் வடிவத்தைப் பொறுத்தவரை, பாடப்புத்தகம் மூன்று வகைகளைக் கற்றுத் தருகிறது. நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதை “ஊ அபித்-த்யு?” என்று வினையையும் எழுவாயையும் இடம் மாற்றிக் கேட்கலாம், “ஊ எஸ் க த்யு அபித்?” என்று கேட்கலாம், “த்யு அபித் ஊ?” என்று கேள்விச்சொல்லைக் கடைசியில் வைத்தும் கேட்கலாம். முதல் வகை கடிதத்திலும் மேடையிலும் பொருந்தும். அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அப்படிக் கேட்டால் விறைப்பாக ஒலிக்கும். தொடர் கேள்விகளில் பெரும்பாலும் மூன்றாவது வகையே காதில் விழுகிறது. தேர்வில் இரண்டாவது வகையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நண்பரோடு பேசுவதாகச் சூழ்நிலை இருந்தால் மூன்றாவதையும் கலப்பது பாதுகாப்பானது என்பது என் அனுபவம்.

பேச்சில் மிகுதியாக வரும் இன்னொரு அமைப்பைப் பாடங்களில் போதுமான அளவு சொல்வதில்லை. வார இறுதியில் அக்கா வீட்டுக்குப் போனதாக உடன் பணிபுரிபவர் சொன்னால், “எல் அபித் ஊ, தா ஸோர்?” என்று பெயரை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிக் கேட்பார்கள். நாமும் பேசும்போது “எங்க இருக்காங்க, உங்க அக்கா?” என்றுதான் கேட்கிறோம். ஆகவே தமிழருக்கு இது கடினமே இல்லை. எழுத்து நடையில் கற்ற பிரெஞ்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி என்பது முன்னே சொன்னதைச் சுட்டிக்காட்டுகிற கேள்வி. அந்தச் சுட்டலைப் பிரெஞ்சில் ‘இ’, ‘ஆன்’ என்ற இரண்டு சிறு சொற்கள் சுமக்கின்றன. ஒருவர் தம்மிடம் பூனைகள் இருப்பதாகச் சொன்னால் தமிழில் “எத்தனை இருக்கு?” என்று கேட்டு முடித்துவிடுவோம், பூனையை மறுபடியும் குறிக்கும் சொல் எதுவும் நமக்குத் தேவைப்படுவதில்லை. பிரெஞ்சில் “த்யு ஆன் ஆ கோம்பியான்?” என்று கேட்க வேண்டும், நடுவில் உள்ள ‘ஆன்’ இல்லாவிட்டால் வாக்கியம் ஊனமாக நிற்கும். அதேபோல் ஒருவர் ஆன்ஸி ஏரிக்கரைக்குப் போனதாகச் சொன்னால், அடிக்கடி போவதுண்டா என்பதை “த்யு இ வா ஸூவான்?” என்று கேட்கிறோம், ‘இ’ அந்த ஊருக்குப் பதிலாக நிற்கிறது. இலக்கணப் பயிற்சித் தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பும்போது பிழையில்லாமல் இவற்றை எழுதுகிறவர்கள்கூடப் பேச்சில் விட்டுவிடுவதற்குக் காரணம், இவற்றைக் கேள்வியாகச் சொல்லிப் பழகாததுதான். ஆகவே இவ்விரண்டையும் கேள்வி வாக்கியங்களிலேயே, வாய்விட்டு, அன்றாடம் சொல்லிப் பழகும்படி பரிந்துரைக்கிறேன்.

காலத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். போன மாதம் வீடு மாறியதாக ஒருவர் சொல்லும்போது, அந்த நிகழ்வைப் பற்றிய கேள்வி “ஸா ஸே பியான் பஸே?” என்று, முடிந்த செயலைச் சொல்லும் பஸே கொம்போஸே காலத்தில் வரும், எல்லாம் நல்லபடி முடிந்ததா என்று பொருள். பழைய வீடு எப்படி இருந்தது என்ற கேள்வியோ “லான்ஸியான் அபார், இல் எத்தே கொமான்?” என்று, முன்பு இருந்த நிலையை வருணிக்கும் இம்பர்ஃபே காலத்தில் வரும். ஒரே செய்தியிலிருந்து இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரு காலங்களையும் வேறுபடுத்தத் தெரியும் என்பது தேர்வாளருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

ஏன் என்று கேட்கும் ‘பூர்க்வா’வைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது நல்லது. தனியாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கக்கூடும். வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறவரிடம் “ஆ போன்? கொமான் ஸா ஸ ஃபே?” (அப்படியா? அது எப்படி?) என்று கேட்டால் அதே காரணம் இதமாக வெளிவரும்; ஒருவர் சமையல் கற்கத் தொடங்கியிருந்தால் அந்த ஆசை எதனால் வந்தது என்ற பொருளில் “கெஸ்கி தா தொனே ஆன்வீ?” என்று கேட்கலாம். ‘ஆ போன்?’ என்பது நம் ‘அப்படியா?’ செய்கிற வேலையைச் செய்கிறது. அதைச் சொல்லிவிட்டுச் சற்றே காத்திருந்தால், பல நேரங்களில் மறு கேள்வியே தேவைப்படாமல் அவர்களாகவே தொடர்ந்துவிடுவார்கள். ‘எ அலோர்?’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. குரலை உயர்த்தி ஆர்வத்தோடு சொன்னால் ‘அப்புறம்?’ என்று ஆகும். தட்டையாகச் சொன்னால் ‘அதனாலென்ன?’ என்று அலட்சியமாக விழும். குரல் கைக்கு வரும்வரை அதைத் தேர்வறைக்கு வெளியிலேயே வைத்திருங்கள்.

எதிர்மறைக் கேள்விகளுக்கு வரும் பதிலைப் புரிந்துகொள்வது நமக்கென்றே உள்ள சிக்கல். “பிடிக்கவில்லையா?” என்று கேட்டால் தமிழில் “ஆமாம், பிடிக்கவில்லை” என்று சொல்லலாம். பிரெஞ்சில் “த்யு நா பா எமே?” என்ற கேள்விக்குப் பிடிக்காதவர் ‘நோன்’ (இல்லை) என்பார், பிடித்தவர் வழக்கமான ‘உய்’ (ஆமாம்) என்று சொல்லாமல் ‘ஸி’ என்பார். அந்த ‘ஸி’யைக் கவனிக்காமல் போனால் அடுத்த கேள்வி முழுவதும் தலைகீழாகப் போய்விடும்: படம் நன்றாக இருந்தது என்று சொன்னவரிடம் அதில் என்ன குறை என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

எதைக் கேட்கலாம் என்பதும் மொழியறிவின் ஒரு பகுதியே. நம் ஊரில் அக்கறையின் அடையாளமாகக் கேட்கப்படும் சம்பளம், திருமணம், குழந்தை பற்றிய கேள்விகள் அங்கே அறிமுகமான புதிதில் அத்துமீறலாகப் படும். மதத்தைப் பற்றிக் கேட்பதும் அப்படியே. பிரான்ஸிலேயே பிறந்து வளர்ந்து, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ வேறு நாட்டிலிருந்து வந்தவராக இருப்பவரிடம், தோற்றத்தை வைத்து “எந்த ஊர்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பது மனத்தை நோகச் செய்யும். விடுமுறை, சாப்பாடு, குடியிருக்கும் பகுதி ஆகியவை வற்றாத பொருள்கள். மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகள் விடுமுறை. விண்ணேற்றப் பெருவிழா எப்போதும் வியாழக்கிழமையில் வரும். இடையில் விழும் வேலைநாளுக்கும் விடுப்பு எடுத்து இணைத்துக்கொள்வதைப் ‘பாலம் போடுவது’ என்பார்கள். “வூ ஃபேத் ல போன்?” என்று தொடங்கினால், எங்காவது போகிறீர்களா, யாரோடு, ரயிலிலா காரிலா, முன்பே போயிருக்கிறீர்களா என்று கேள்விகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

ஒருமையா மரியாதைப் பன்மையா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டெஃப் தேர்வின் முதல் பகுதியில் முன்பின் அறியாதவரோடு பேசுவதால் ‘வூ’. இரண்டாம் பகுதியில் நண்பரோடு பேசுவதால் ‘த்யு’. டி.சி.எஃப். தேர்வில் சூழ்நிலையைப் பொறுத்து மாறும். வாக்கியங்களில் சரியாக இருந்துவிட்டு ‘எ வூ?’ (நீங்கள்?), ‘எ த்வா?’ (நீ?) என்ற குட்டிக் கேள்வியில் தடுமாறுகிறவர்களே அதிகம்.

பயிற்சிக்கு நான் நம்புவது இரண்டு முறைகளை. ஃபிரான்ஸ் அன்தேர் போன்ற வானொலி நிலையங்களின் நேர்காணல்களைக் கேட்கும்போது, விருந்தினரின் பதில்களை விட்டுவிட்டு, பேட்டி எடுப்பவர் கேட்கும் கேள்விகளை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது முதலாவது. அவர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார் என்பதற்கு அடிக்கோடிட்டு வந்தால், அமைப்புகள் தாமாகவே மனத்தில் படியும். மற்றொன்று, உடன் படிப்பவரோடு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு பேசுவது: ஒவ்வொரு கேள்வியிலும் முந்தைய பதிலின் ஒரு சொல்லோ அதற்குப் பதிலாக நிற்கும் ‘இ’, ‘ஆன்’, ‘ஸா’ போன்ற ஒன்றோ இருந்தே ஆக வேண்டும், புதிய பொருளுக்குத் தாவக் கூடாது. தொடக்கத்தில் மூன்றாவது கேள்வியிலேயே மூச்சு முட்டும், பிறகு நீளும். துணை கிடைக்காதவர்கள் ஒரு செய்தி வாக்கியத்தை எழுதி, அதன் கீழே ஐந்து கேள்விகளை எழுதி, பின் தாளைப் பாராமல் சொல்லிப் பார்க்கலாம்.

தேர்வறையில் பதில் புரியாமல் போனால், “புரியவில்லை” என்று பொதுவாகச் சொல்வதைவிட, புரிந்த பகுதியைச் சொல்லி மீதியைக் கேட்பது மேலானது. பதின்மூன்றும் பதினாறும் பிரெஞ்சில் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பவை, “பர்தோன், வூஸவே தீ த்ரேஸ் ஊ ஸேஸ்?” என்று இரண்டையும் வைத்துக் கேட்டால், பாதியைப் பிடித்துவிட்டோம் என்பது தெரியும். விளக்கம் வேண்டுமானால் ‘ஸெத்-ஆ-தீர்?’ (அதாவது?) என்ற ஒரே சொற்றொடர் போதும். கேட்க வேண்டியதெல்லாம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் மௌனமாக உட்கார வேண்டாம். “ஆ, ஓ ஃபேத்” என்று தொடங்கினால், திடீரென்று நினைவுக்கு வந்ததுபோல் முன்னே பேசிய எந்த விவரத்துக்கும் திரும்பலாம்: அந்த மட்பாண்ட வகுப்புக்கு நாம் ஏதாவது கொண்டுவர வேண்டுமா, மேலங்கி அங்கேயே தருவார்களா, செய்த பானையை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா. அதன் பிறகு “போன், ஜ வே ரெஃப்லெஷீர் எ ஜ வூ ரப்பெல்” என்று, யோசித்துவிட்டு மறுபடி அழைப்பதாகச் சொல்லி விடைபெற்றுக்கொள்ளுங்கள்.